கிருமி போன பிறகு: காவிரிக்கரையில் தொழுநோயும் யானைக்காலும் விட்டுச்செல்லும் சுமை

1. கேள்வி

புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருப்பவற்றில் பல, தமிழ் மண்ணுக்குப் பழகியவை. பாதத்தில் புரையோடும் மைசெட்டோமாவுக்கு 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் ‘மதுரைப் பாதம்’ என்றே பெயர் வைத்தார்கள். கும்பகோணம் என்றதும் வெற்றிலைக்கு முன்னால் யானைக்கால் நினைவுக்கு வந்த தலைமுறை ஒன்று இருந்தது. வெறிநாய்க்கடி, பாம்புக்கடி, டெங்கு, சொறிசிரங்கு ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு.

இக்கட்டுரை தொழுநோய், யானைக்கால் ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. அரசு அதை இலவசமாகத் தருகிறது. இரண்டும் சட்டென்று உயிரைப் பறிப்பவையும் அல்ல. அப்படியிருந்தும் கல்யாணம் நின்றுபோவது, வேலை போவது, வீட்டுக்குள்ளேயே தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்படுவது, தூக்கம் கெட்டு வாழ்க்கையே வெறுத்துப்போவது எல்லாம் நின்றபாடில்லை. கிருமி போன பிறகும் சுமை ஏன் போவதில்லை?

இதற்குச் சுகாதாரத் துறையின் சுவரொட்டிகள் சொல்லும் விடை ‘அறியாமை’. மக்களுக்கு விழிப்புணர்வு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அதன் உள்ளுறை. இந்த விடை பாதிதான் உண்மை என்பதும், படித்தவர்கள் எழுதிய சட்டம், திட்டம், நாடகம், சான்றிதழ் ஆகியவற்றுக்கு இச்சுமையில் பெரும்பங்கு உண்டு என்பதும் என் வாதம். திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வாதத்துக்கு வேண்டிய சான்றுகளில் பல இந்தப் பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்கின்றன.

2. எண்ணிக்கை எதை எண்ணுகிறது?

தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து 2005 டிசம்பரோடு ஒழிக்கப்பட்டுவிட்டது என்று இந்தியா அறிவித்தது. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே என்பது அளவுகோல். இங்கே நோயாளி என்றால் அந்தத் தேதியில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். கூட்டு மருந்துச் சிகிச்சை நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ நடக்கும். கடைசி அட்டை தீர்ந்ததும் பதிவேட்டில் ‘ஆர்.எஃப்.டி.’ (சிகிச்சையிலிருந்து விடுவிப்பு) என்று எழுதி, பெயரை எடுத்துவிடுவார்கள். மடங்கிப்போன விரல், மூட முடியாத இமை, உணர்ச்சியற்ற பாதம் ஆகியவை அவரோடு வீட்டுக்குப் போகும், கணக்கில் வராது. அந்தக் கணக்குப்படி ‘ஒழிந்த’ பிறகும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலக மொத்தத்தில் இது பாதிக்கும் மேல்.

யானைக்காலில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. கொசு வழியே நோயைப் பரப்புவது ரத்தத்தில் இரவில் உலவும் நுண்புழு. அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ராத்திரி வேளையில் கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள். ஆனால் கால் வீங்கி முற்றிய நோயாளியின் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருப்பதில்லை. ஊரார் ஒதுங்கிப்போகும் மனிதரிடமிருந்து கொசுவுக்குக் கூட எதுவும் கிடைக்காது. கிருமி இருப்பது, ஒரு குறையும் தெரியாமல் வாட்டசாட்டமாக நடமாடும் பக்கத்து வீட்டுக்காரரிடமாக இருக்கலாம். ஊரின் அச்சத்துக்கும் நோயின் பரவலுக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பரவலைத் தடுக்கும் வேலை பெரிய வேலை, தமிழ்நாடு அதை நன்றாகவே செய்தது. 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1990களின் பிற்பகுதியில் கடலூர் மாவட்டம், ஆண்டுக்கொரு வேளை டி.இ.சி. என்ற புழுக்கொல்லி மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த முன்னோடி மாவட்டங்களில் ஒன்றானது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் பணி உலக அளவில் மேற்கோள் காட்டப்படுவது. அதன் ஆய்வாளர் கே.டி. ராமையாவும் சக ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் நாள்பட்ட நோயாளிகள் இழக்கும் வேலை நேரத்தையும் வைத்தியச் செலவையும் கணக்கிட்டார்கள். இந்தியாவின் ஆண்டு இழப்பு 100 கோடி டாலரை நெருங்கும் என்ற மதிப்பீடு 2000ஆம் ஆண்டளவில் அந்த வழியில்தான் வந்தது.

பணக் கணக்கு வந்தும் மனக் கணக்கு வர வெகுகாலம் பிடித்தது. ஆரோக்கியமான ஆயுளில் எத்தனை ஆண்டு ஒரு நோயால் வீணாகிறது என்று உலகச் சுகாதாரக் கணக்கு ஒன்று போடுகிறது. 2010க்கான அந்தக் கணக்கு யானைக்காலுக்குத் தந்தது சுமார் 28 லட்சம் ஆண்டு. 2015இல் டான், மெக்கென்சி, மாலினியூ ஆகிய மூவர் நோயாளிகளின் மனச்சோர்வை மட்டும் தனியே மதிப்பிட்டார்கள். அது 50 லட்சத்தைத் தாண்டியது. பராமரிக்கும் குடும்பத்தாரின் சோர்வு அதில் சேராது, அது தனிக் கணக்கு. மதிப்பீட்டு முறையில் குறை காண இடமுண்டு. வெவ்வேறு நாடுகளின் சிறு ஆய்வுகளைக் கொண்டு உலகத்துக்கே பெருக்கிய கணக்கு அது. பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்தாலும், மனத்தின் பங்கு காலின் பங்குக்கு ஏறக்குறையச் சமமாக நிற்கிறது.

3. காலும் செருப்பும்

காவிரிப் படுகையில் யானைக்காலுக்கு ஆளானவர்கள் வீக்கத்தைவிட அதிகம் பயப்படுவது இடையிடையே வரும் காய்ச்சலுக்கு. தொடையிடுக்கில் நெறி கட்டும். குளிர் நடுக்கி எடுக்கும். கால் சிவந்து கொதிக்கும். நாலைந்து நாள் எழுந்திருக்க முடியாது. அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. ஒவ்வொரு முறை வந்துபோகும்போதும் வீக்கம் ஒரு படி ஏறும். இந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் புழுவே அல்ல. விரலிடுக்கு வெடிப்பு வழியே நுழையும் சாதாரண பாக்டீரியா. சோப்பும் தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளைப் பருத்தித் துணியால் ஈரம் போக ஒற்றி, வெடிப்பு இருந்தால் களிம்பு தடவி, படுக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். ஆலப்புழா மருத்துவர் ஆர்.கே. ஷெனாயும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்தே காட்டினார்கள்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஒற்றைக் குழாயில் பத்து வீடு தண்ணீர் பிடிக்கும் வரிசை வீட்டில், முட்டிவரை புடவையைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஒரு பெண் எங்கே உட்கார்ந்து காலைக் கழுவுவாள்? புடவை அவளுக்கு மறைப்பு, கழுவுவதோ அம்பலம். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் கொசுவத்தைச் சற்றே தூக்காமல் ஒரு படி இறங்க முடியாது. அதற்கு ஒப்பாமல் வீட்டிலேயே இருந்துவிடும் பெண்ணை அங்கே யாரும் அவமதிக்கவில்லை. அவமதிப்பார்களோ என்ற அச்சமே போதுமானதாக இருக்கிறது. கிரஹாம் ஸ்காம்ப்ளரும் அந்தோனி ஹாப்கின்ஸும் 1986இல் காக்காய்வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்தபோது இப்படி இரண்டாகப் பிரித்தார்கள்: நேரில் நடந்த அவமதிப்பு, நடக்குமென்று அஞ்சும் அவமதிப்பு. இரண்டாவதுதான் அதிகம் வதைக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆண்களுக்கு வேறு கதை. விரைவீக்கத்தை வேட்டி மறைக்கும். அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய அந்த வீக்கத்தை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள் உண்டு. 2003இல் சுமா, ஷெனாய், குமாரசுவாமி ஆகியோர் கேரளத்தில் நடத்திய ஆய்வு, வெட்கம், கல்யாணத் தடை, மனச்சோர்வு ஆகியவற்றை நோயாளிகளின் வாய்மொழியாகவே பதிவு செய்திருக்கிறது.

செருப்பு விஷயத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதாக ஊரில் நம்புகிறார்கள். அப்படியில்லை, கிருமி நரம்பைத் தாக்க, உணர்ச்சி செத்துவிடுகிறது. அடுப்பில் சுட்டாலும் முள் குத்தினாலும் தெரியாமல், ஆறாத புண் எலும்புவரை போய்ச் சிதைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு 1940களின் இறுதியிலிருந்து செய்த பணியின் அடிப்படையே இந்தக் கண்டுபிடிப்புதான். ஆகவே உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற நுண்ணறை ரப்பரில் செய்த ‘எம்.சி.ஆர்.’ செருப்பு தருகிறார்கள். அது பாதத்தைக் காப்பாற்றுகிறது, சந்தேகமில்லை. ஆனால் நெடுங்காலம் ஒரே அச்சில், ஒரே நிறத்தில், குதிகாலில் வாரோடு வந்த அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும். வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டுவிட்டு, கடையில் விற்கும் சாதாரண ரப்பர் செருப்பையே போட்டுக்கொள்கிறவர்களைத் தொழுநோய்த் துறையினர் நன்கறிவார்கள். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று அவர்களைப் பற்றி எழுதிவைப்பது நியாயமா? புண் வரும் என்று தெரிந்தேதான் அவர்கள் அதைத் தேர்ந்துகொள்கிறார்கள். நிறத்தையும் வாரையும் மாற்றியிருக்க வேண்டியது செருப்பைத் திட்டமிட்டவர்கள்.

4. சட்டம் யாரைக் கண்டு பயந்தது?

தொழுநோய் மீதான வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு விளக்கங்கள் மோதுகின்றன. ஒன்று, அது தொன்றுதொட்டது. கர்மவினைக் கொள்கையும் தர்ம சாத்திரங்களும் விதைத்தது என்பது. மற்றொன்று, ஆய்வாளர் சக்கரி கஸ்ஸோ போன்றோர் முன்வைப்பது: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காலனிய அச்சமும் மிஷனரிப் பிரசாரமும் சேர்ந்து பழைய வெறுப்பைப் புதிதாக உருவாக்கின என்பது. சென்னை மாகாணத்தை ஆராய்ந்த ஜேன் பக்கிங்ஹாமின் 2002ஆம் ஆண்டு நூல் இரண்டுக்கும் இடையில் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. தென்னிந்தியத் தொழுநோய் இல்லங்களில் அடைத்துவைத்தல் எப்போதுமே அரைகுறையாகத்தான் இருந்தது. நோயாளிகள் பேரம் பேசினார்கள், நினைத்தபோது வந்து போனார்கள்.

நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெளிவாகும். 1873இல் ஹான்சன் கிருமியைக் கண்டார். 1889இல் ஹவாய்த் தீவில் பாதிரியார் தமியான் தொழுநோயால் இறந்ததும் ஐரோப்பாவில் பீதி கிளம்பியது. 1890-91இல் ஆணையம் ஒன்று இந்தியாவைச் சுற்றிவந்து, தொற்றும் அபாயம் குறைவு, கட்டாயமாகப் பிரித்துவைப்பதற்கு நியாயமில்லை என்று அறிக்கை தந்தது. அதற்குப் பிறகும் 1898இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளியைப் பிடித்து இல்லத்தில் வைக்கவும், உணவு, உடை சார்ந்த தொழில்களிலிருந்து விலக்கவும், பொதுக் கிணற்றில் நீரெடுப்பதைத் தடுக்கவும் அது அதிகாரம் கொடுத்தது. வசதியுள்ள நோயாளியைப் பிடித்து அடைக்க அது அதிகாரம் தரவில்லை. அறிவியல் அபாயம் குறைவு என்று சொன்ன பிறகு எழுதப்பட்ட சட்டத்தை அறியாமையின் கணக்கில் எழுத முடியாது.

செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் 1940களிலேயே சல்போன் மருந்தைப் பயன்படுத்தினார். 1982இல் கூட்டு மருந்து வந்து நோய் முழுதாகக் குணமாகத் தொடங்கியது. ஆனால் 1955இன் இந்து திருமணச் சட்டம், கடுமையான, குணப்படுத்த முடியாத தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருந்தது. அது நீக்கப்பட்டது 2019இல். 37 ஆண்டுகள் மருந்துக்கும் சட்டத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016வரை புத்தகத்தில் இருந்தது. 2008இல்கூட, ஒடிசாவில் தேர்தலில் வென்ற ஒருவரைத் தொழுநோயாளர் என்பதால் நகராட்சிப் பதவிக்குத் தகுதியற்றவராக்கிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லுமென்றது. இதே காலத்தில்தான் கிராமத்துக் கிழவிக்கு விழிப்புணர்வுப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

5. திருச்சியின் ஒரு நடிகரும் ஒரு நாடகமும்

தமிழ் மனத்தில் தொழுநோயாளியின் உருவத்தை அச்சிட்டது எது என்று கேட்டால் ‘ரத்தக்கண்ணீர்’ என்றுதான் சொல்ல வேண்டும். திருவாரூர் கே. தங்கராசு எழுதி 1949இல் மேடையேறி, 1954இல் கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் படமானது. அதில் நாயகனாக நடித்த எம்.ஆர். ராதா திருச்சியில் வாழ்ந்து 1979 செப்டம்பர் 17 அன்று அங்கேயே மறைந்தவர். வெளிநாடு போய் வந்த செல்வச் சீமான் மோகனசுந்தரம், மனைவியைப் புறக்கணித்துத் தாசி காந்தாவே கதியென்று கிடந்து, குஷ்டரோகியாகித் தெருவுக்கு வருகிறான். அந்தக் கரகரத்த குரலை இன்றும் பேசிக்காட்டாத ஊரில்லை.

நாடகத்தின் அரசியல் பகுத்தறிவு அரசியல். மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கும் துணிச்சல் அக்காலத்தில் சாதாரணமல்ல. ஆனால் அதன் கதைக்கட்டு, பெண்பித்துக்குத் தண்டனை தொழுநோய் என்பது. தொழுநோய் உடலுறவால் வருவதல்ல. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலோரின் உடல் அதை வென்றுவிடுகிறது. நோய் வெளிப்பட சராசரியாக ஐந்தாண்டு, சிலருக்கு இருபதாண்டு ஆகலாம். கடவுளை மேடையிலிருந்து இறக்கிவிட்ட நாடகம், கடவுள் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தண்டனையை மட்டும் வைத்துக்கொண்டது. அது ஏராளமானோரைச் சென்றடைந்தது.

மாற்று வாசிப்புக்கும் இடமுண்டு. படத்தின் பின்பாதியில் அறிவாளி அந்த நோயாளிதான்; ஊரின் போலித்தனத்தை எல்லாம் கிழித்துப்போடுபவர் அவர். கைதட்டல் அவருக்குத்தான். நோயாளிக்குக் குரல் கொடுத்த முதல் வெகுஜனப் படைப்பு என்றுகூட ஒருவர் வாதிடலாம். இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது, ஆனால் கடைசிவரை நிற்கவில்லை. அந்தக் குரலுக்குக் கொடுக்கப்பட்ட விலை, ‘நான் செய்த பாவம்’ என்ற ஒப்புதல். மோகனசுந்தரம் தன்னைப் பார்த்து மற்றவர்கள் திருந்தத் தனக்குச் சிலை வைக்கச் சொல்லிவிட்டுச் சாகிறான். ஒரு பாவமும் அறியாத பத்து வயதுப் பிள்ளைக்குத் தேமல் போல உணர்ச்சியற்ற படை வந்தால், அந்தச் சிலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரு நோய்களுக்கும் பொதுவான ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். யானைக்காலும் பலகாலம் கொசு கடித்து, ஆண்டுகள் பல கழிந்துதான் வெளித்தெரிகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இவ்வளவு நீண்ட வெற்றிடம் இருந்தால் அதில் ஏதாவதொரு கதை வந்து உட்காரும். கோயில் சொல்லாவிட்டால் கொட்டகை சொல்லும்.

6. கோயில் குற்றவாளியா?

கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம் மாரியம்மன் கோயில். நோயும் தெய்வமும் சேரும் இடம் என்றால் இந்த வட்டாரத்தில் அதுதான். கண், கை, கால் உருவங்களை வாங்கி உண்டியலில் செலுத்துகிறார்கள். பக்தர்களின் நலத்துக்காக அம்மனே 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அம்மை போட்டவரை வீட்டுக்குள் தனியே படுக்கவைத்து, வாசலில் வேப்பிலை செருகி, ஆத்தா வந்திருக்கிறாள் என்று மரியாதையோடு நடத்தினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் விழுந்தால் நோயாளி மறுபடி ஊரின் மனிதர். யாரும் ஒதுங்கிப்போக நியாயமில்லை.

தொழுநோய்க்கும் யானைக்காலுக்கும் அப்படியொரு தண்ணீர் ஊற்றலை மரபும் வைக்கவில்லை, மருத்துவமும் வைக்கவில்லை. பதிவேட்டில் எழுதும் ‘ஆர்.எஃப்.டி.’ என்ற மூன்றெழுத்து ஊராருக்குத் தெரியாது. நாள்பட்டு நின்று உடலில் தழும்பு விட்டுப்போகும் நோய்களுக்கு நம்மிடம் திரும்பிவரும் சடங்கு இல்லை. சுமையின் ஆணிவேர் இதுவென்பது என் கணிப்பு.

ஸ்ரீரங்கத்து மரபுக்குள் எதிர்க்குரல் இல்லாமலில்லை. வைணவ ஆசாரியர் ஆளவந்தாருக்கு வந்த ராஜபிளவை என்ற கொடும் புண்ணை அவர் சீடர் மாறனேரி நம்பி குருப்பிரசாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்கிறது குருபரம்பரைக் கதை. மாறனேரி நம்பி தாழ்ந்ததாக அன்று கருதப்பட்ட குலத்தவர். புண்ணோடு கிடந்தவருக்கு அன்னம் கொண்டுபோனவரும், இறந்தபின் அந்திமக் கிரியை செய்தவரும் ஆளவந்தாரின் இன்னொரு சீடரான பெரிய நம்பி. ஊர் பழித்தது, பெரிய நம்பி சடாயுவுக்கு இராமன் செய்ததைச் சுட்டி நின்றார். நோய் வினைப்பயன் என்று கூறிய அதே சமூகம், நோயைப் பிரசாதம் என்று சொன்னவரையும் ஆசாரிய வரிசையில் வைத்திருக்கிறது. கோயிலுக்குள் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. அதனோடு சேர்த்து ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இவற்றைக் கொண்டு பொற்காலம் ஒன்றைக் கட்ட நான் விரும்பவில்லை. பெரிய நம்பியை ஊர் பழித்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. மரபு ஒரே குரலில் பேசவில்லை என்பது மட்டும் போதும். எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டிவிட்டுத் திட்டமிடுவோர் கைகழுவ முடியாது.

7. இரண்டு திட்டங்கள், ஒரு நோயாளி

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் வந்தது திருச்சியில், 1997இல். தொழுநோய்க்கு வேறொரு தேசியத் திட்டம், யானைக்காலுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனிப் பதிவேடு, தனி அறிக்கை. காலைக் காட்ட வந்தவரிடம் தூக்கம் எப்படி, சாப்பிடப் பிடிக்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்ற மூன்று கேள்வி கேட்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. மிட்செல் வைஸும் சக ஆய்வாளர்களும் மும்பையில் தொழுநோயாளிகளின் மனத்துன்பத்தை அவர்கள் சொற்களிலேயே கேட்டறியும் முறையை 1992இலேயே வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்நோயாளிகளின் மனநலத்துக்கென்று வழிகாட்டி வெளியிட்டது 2020இல்.

உதவித்தொகையிலும் இதே கோளாறு. யானைக்கால் நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, நான்காம் நிலைக்கு வந்தவர்களுக்கு. கல்யாணம் நின்றுபோவது இரண்டாம் நிலையிலேயே. பால் பிராண்டுக்கு இது முன்பே தெரிந்திருந்தது: நிமிர்த்திய விரல்களோடு போனவர்களுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை என்பதால்தான் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கித் தச்சு முதலான தொழில்களைக் கற்றுத்தந்தார். கையைச் சரிசெய்வது பாதி வேலை என்று அறுவை மருத்துவர் ஒருவர் எழுபது ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டதை நிர்வாகம் இன்னும் முழுதாக எழுதிக்கொள்ளவில்லை.

செய்யக்கூடியவை சிறியவை. மருந்து முடிந்ததும் நோயாளி விரும்பினால் அவர் குடும்பத்தார் முன்னிலையில் மருத்துவரே ‘இவர் குணமானார், ஒரே தட்டில் சாப்பிடலாம்’ என்று சொல்லி அனுப்பலாம். எந்தச் சுவரொட்டியையும்விட அது நின்று வேலை செய்யும். திருச்சியின் மனநலக் குழு மாதத்தில் ஒரு நாள் தொழுநோய், யானைக்கால் நோயாளிகள் வரும் இடத்துக்கே போகலாம். காப்புச் செருப்பைக் கடைச் செருப்பின் தோற்றத்திலேயே செய்து தரலாம்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமானவர் அதில் இருக்கிறார். யானைக்கால் வீக்கத்தோடு வாழ்பவர் பெயர் அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும்.